சுவிஸ் மலைப் பூங்காவும் எமது நில்கல காடும்: கேட்டுப் பெற்ற நிலம், கேளாமல் எடுத்த நிலம்

(கொஞ்சம் நீண்ட பதிவு. வரலாற்றில் விருப்பமுள்ளவர்கள், குறிப்பாக ஆசிரியர்கள், ஆறுதலாக வாசியுங்கள்.)

சுவிற்சர்லாந்தில் வாழும் எமது நாட்டவர்கள் கோடை விடுமுறையில் போடும் படங்களில் பனிமலையும் ஏரியும் நிறையவே வரும். இன்டர்லாக்கன், டிட்லிஸ் போன்ற பெயர்கள் இங்கிருக்கும் எமக்கும் பழகிவிட்டன. ஆனால் அந்த நாட்டில் தேசியப் பூங்கா என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதன் படம் எமது கண்ணில் படுவது மிகக் குறைவு.

அந்தப் பூங்கா நாட்டின் கிழக்கு மூலையில், எங்கடீன் பள்ளத்தாக்கில், இத்தாலி எல்லையை ஒட்டி இருக்கிறது. பரப்பு சுமார் 170 சதுர கிலோமீற்றர். 1914 ஓகஸ்ட் 1ஆம் திகதி உருவானது. அல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதிலும் முதலாவது தேசியப் பூங்கா அதுதான்.

உள்ளே போகக் கட்டணம் இல்லை. நுழைவுச்சீட்டு இல்லை. ஆனால் சட்டதிட்டங்களைப் பாருங்கள்.

குறிக்கப்பட்ட பாதையை விட்டு ஓரடி கூட வெளியே வைக்கக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. கல்லோ கொம்போ விழுந்த மரக்குச்சியோ எடுக்கக் கூடாது. நெருப்பு மூட்டக் கூடாது. கூடாரம் அடித்துத் தங்கக் கூடாது. நாயைக் கயிற்றில் கட்டியும் கொண்டுபோக முடியாது. சைக்கிள், ட்ரோன் எதுவும் இல்லை. பனிக்காலம் வந்தால் பூங்காவே மூடப்படும். பனிச்சறுக்கில் உலகப் பெயர் பெற்ற நாட்டில், பனிச்சறுக்கே நடக்காத ஒரு மலை! மீறினால் தண்டப்பணம்.

இந்த அளவுக்கு இறுக்கமான சட்டம் எங்கிருந்து வந்தது? இதைத் தேடிப் போனபோதுதான் ஒரு பெயர் எம்மை நிறுத்தியது: பவுல் ஸாரஸின். இந்தப் பூங்காவுக்காக முன்னின்று உழைத்தவர். அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்னர் பேராதனையில் தங்கியிருந்து, எமது ஊவாக் காடுகளில் வேடர் சமூகத்தைத் தேடி நடந்தவரும் அவரேதான்.

அல்ப்ஸ் மலைப் பூங்காவின் வரலாற்றை எம்முடைய வரலாற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கன்னிக் காடு அல்ல

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைத் தீர்த்துக்கொள்வோம். அந்தப் பூங்கா மனிதக் கைபடாத காடாக இருந்து காப்பாற்றப்பட்டதல்ல. நன்றாகச் சுரண்டப்பட்டு, ஓய்ந்துபோன காடு அது.

பூங்காவின் நடுவே இருக்கும் இடத்துக்கு இல் ஃபுவோர்ன் என்று பெயர். அவ்வூர் மொழியான ரொமான்ஷில் 'உலை' என்று அர்த்தம். பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே இரும்பு உருக்கினார்கள். பக்கத்திலுள்ள ஸ்-ஷார்ல் பள்ளத்தாக்கில் ஈயமும் வெள்ளியும் தோண்டினார்கள். உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். அது போதாதென்று, கீழே ஒஸ்திரியாவின் ஹால் நகரத்து உப்பாலைகளில் உப்புக் காய்ச்சவும் இங்கேயே மரம் வெட்டினார்கள். வெட்டிய மரத்தை இன் ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்பினார்கள். கோடையில் இத்தாலியின் பேர்கமோ பக்கத்து இடையர்கள் ஆட்டு மந்தைகளை ஓட்டி வந்து மேய்த்தார்கள்.

எமது மலையகத்தில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு போனது போல, அங்கே இரும்புக்கும் உப்புக்கும் காடு போனது.

மிருகங்களின் கதையும் அப்படித்தான். வளைந்த பெரிய கொம்புள்ள ஐபெக்ஸ் மலையாடு சுவிஸ் மண்ணிலிருந்து வேட்டையால் முற்றாக அழிந்து போயிருந்தது. தாடிக்கழுகும் போனது. 1904 செப்டெம்பரில் ஸ்-ஷார்ல் பள்ளத்தாக்கில் வேட்டைக்காரர் இருவர் ஒரு கரடியைச் சுட்டார்கள். சுவிஸ் மண்ணின் பழைய கரடிகளில் சுடப்பட்ட கடைசிக் கரடி அதுதான். அன்று அது பெருமைக்குரிய வேட்டை. ஐந்தே வருடத்தில் அதற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் துப்பாக்கி தூக்குவதே தடை என்று ஆகும் என அந்த இருவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பேராதனையிலிருந்து பேசல் வரை

பவுல் ஸாரஸின் 1856இல் பிறந்தவர். அவரது உறவினர் ஃப்ரிட்ஸ் ஸாரஸின் 1859இல் பிறந்தவர். இருவரும் பேசல் நகரத்தின் பழைய பணக்காரக் குடும்பத்தினர். இருவருக்கும் உயிரியலில் பைத்தியம். 1883இல் கப்பலேறி இலங்கைக்கு வந்தார்கள், 1886 வரை இங்கே இருந்தார்கள்.

அவர்கள் முதலில் ஆராய்ந்தது மனிதரை அல்ல. பாம்பு போலத் தோன்றும், மண்ணுக்குள் வாழும், காலில்லாத ஒரு ஈரூடகவாழி. அதன் முட்டை எப்படி வளர்கிறது, தாய் எப்படி முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காக்கிறது என்பதைப் பேராதனையில் இருந்து அவதானித்து எழுதினார்கள். விஞ்ஞான உலகில் அது பெரிய வேலை.

அதன் பிறகுதான் வேடர் பக்கம் திரும்பினார்கள். 1890களின் தொடக்கத்தில் வேடர்களைப் பற்றிப் பெரிய நூலொன்றை ஜேர்மன் மொழியில் வெளியிட்டார்கள். 1907இல் திரும்பவும் வந்து, பிபிலைக்கு அப்பால் நில்கல பகுதிக் குகையில் தோண்டி, பளிங்குக் கல்லில் செய்த கற்கால ஆயுதங்களைக் கண்டெடுத்தார்கள். இலங்கையில் கற்காலம் இருந்தது என்பதை நிறுவியதில் அவர்களுக்கு முக்கிய இடம் உண்டு. எமது மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் கற்கால மனிதனின் கதையில் இந்த இருவரின் பங்கும் இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் வேடர்களைப் படமெடுத்தார்கள், தலையை அளந்தார்கள், மண்டையோடுகளையும் எலும்புக்கூடுகளையும் சேகரித்து பேசலுக்குக் கொண்டுபோனார்கள். மனித குலத்தின் ஆரம்பப் படியில் நிற்பவர்கள் என்று அவர்களை வகைப்படுத்தினார்கள். அந்தக் கால ஐரோப்பிய விஞ்ஞானம் அப்படித்தான் யோசித்தது. அன்று காட்டுக்குள் வாழ்ந்த அந்த மனிதர்கள், பூச்சி, மீன், ஈரூடகவாழி எல்லாவற்றோடும் சேர்த்து அவர்களுக்கு ஒரு சேகரிப்புப் பொருள். பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த நாட்டில் இதற்கு யாருடைய அனுமதியும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

இலங்கையிலும், பிறகு ஸெலெபஸ் தீவிலும் (இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசி) வருடக்கணக்கில் நடந்துவிட்டு ஊர் திரும்பிய பவுல் ஸாரஸின், தன் சொந்த நாட்டிலும் பழையவை அழிந்துகொண்டிருப்பதைக் கண்டார். தென்மேற்கே மொந்தே என்ற ஊரில் பண்டைய பனியாறு இழுத்து வந்து போட்ட ஒரு மாபெரும் பாறையைக் கருங்கல்லுக்காக உடைத்து விற்கப் போனார்கள். அதைக் காப்பாற்ற எழுந்த குரலின் தொடர்ச்சியாக 1906இல் சுவிஸ் விஞ்ஞானிகளின் சங்கம் ஒரு இயற்கைப் பாதுகாப்பு ஆணைக்குழுவை அமைத்தது. தலைவர் பவுல் ஸாரஸின்.

ஒரு பிராங்கும் ஒரு ஆசிரியரும்

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்கா 1872இலேயே வந்துவிட்டது. ஆனால் அது மக்கள் சென்று களிப்பதற்கும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்ட பூங்கா. சுவிஸ்காரர்கள் வேறொன்றை யோசித்தார்கள். ஒரு நிலத்தை முழுவதுமாகக் கைவிட்டுவிடுவோம், மரம் விழுந்தால் விழட்டும், மான் செத்தால் சாகட்டும், நூறு வருடத்தில் இயற்கை தானாக என்ன செய்கிறது என்று பார்ப்போம் என்பதுதான் யோசனை. உல்லாசப் பயணத்துக்காக அல்லாமல் ஆய்வுக்காகவே ஒரு பூங்கா.

எந்த இடம்? இங்கேதான் எமது தொழிலைச் சேர்ந்த ஒருவர் வருகிறார். ஸ்டைவன் புரூனியஸ், எங்கடீனில் பிறந்து பேசலில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். தன் ஊர்ப் பக்கத்து மலைகளின் தாவரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். இந்தப் பள்ளத்தாக்குகள்தான் பொருத்தம் என்று சுட்டிக்காட்டியவர்களில் முக்கியமானவர். தாவரவியல் பேராசிரியர் கார்ல் ஷ்ரோட்டரும், முதிய வயதிலிருந்த வனத்துறைத் தலைவர் யோகான் கோவாட்ஸும் துணை நின்றார்கள்.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? 1909இல் இயற்கைப் பாதுகாப்புக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். வருடச் சந்தா ஒரு பிராங்க். வசதியுள்ளவர் இருபது பிராங்க் கொடுத்தால் ஆயுள் அங்கத்துவம். ஒரு பிராங்க் என்பதால் சாதாரண மக்களும் சேர முடிந்தது. புரூனியஸ் அதன் செயலாளராக நாடெங்கும் ஆள் சேர்த்தார்.

அதே 1909இல் ஸெர்னெட்ஸ் என்ற மலைக் கிராமத்தோடு ஒரு குத்தகை எழுதினார்கள். குளுவோட்சா என்ற பள்ளத்தாக்கை 25 வருடத்துக்கு விடுங்கள், வருடா வருடம் வாடகை தருகிறோம், பதிலுக்கு அங்கே மரம் வெட்டுவதையும் மேய்ப்பதையும் வேட்டையையும் நிறுத்திவிடுங்கள் என்பது பேச்சு. கிராமம் ஒத்துக்கொண்டது. 1910இல் அந்தப் பள்ளத்தாக்கில் மரத்தால் ஒரு தங்குமனை கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது.

பிறகு வாடகைச் சுமையை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்று கேட்டார்கள். 1914 ஏப்ரலில் பாராளுமன்றம் சட்டம் செய்தது. நடைமுறைக்கு வந்த நாள், நாம் மேலே சொன்ன ஓகஸ்ட் 1. அன்றைய தினம் ஜேர்மனி ரஷ்யா மீது போர் தொடுத்தது. முதலாம் உலக யுத்தம் தொடங்கிய கிழமையில் பிறந்த பூங்கா என்பதால், திறப்பு விழாவைப் பற்றி யோசிக்கவும் யாருக்கும் நேரமிருக்கவில்லை.

நிலம் இன்னும் கிராமத்துக்குத்தான்

இந்த வரலாற்றில் எமக்கு முக்கியமாகப் படும் இடம் இதுதான்.

சுவிஸ் அரசு அந்த நிலத்தைச் சுவீகரிக்கவில்லை. இன்றும் பூங்கா நிலத்தின் உரிமையாளர்கள் சுற்றியுள்ள கிராம சபைகள்தான். பெரும்பகுதி ஸெர்னெட்ஸுக்கு. அரசு அவர்களுக்கு நட்டஈடு கட்டிவருகிறது. பூங்காவைப் பெரிதாக்க வேண்டுமென்றால் கிராமத்தவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

கேட்டார்கள், கிடைக்காமலும் போனது. 2000ஆம் ஆண்டு பூங்காவைச் சுற்றி இன்னொரு வலயம் சேர்க்கும் திட்டத்தை ஸெர்னெட்ஸ் மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். அதே வருடத்தில் பக்கத்து லவின் கிராமம் தன் மாக்குன் என்ற மலையேரிப் பகுதியை விரும்பிக் கொடுத்தது. ஒரு ஊர் மாட்டேன் என்றது, அடுத்த ஊர் தருகிறேன் என்றது. இரண்டு முடிவும் மதிக்கப்பட்டன.

நாட்டில் இரண்டாவது தேசியப் பூங்கா அமைக்க இரண்டு இடங்களில் முயன்றார்கள். அதுலா திட்டம் 2016இலும், லொக்கார்னோ பக்கத்துத் திட்டம் 2018இலும் அந்தந்தப் பகுதிக் கிராம மக்களின் வாக்கில் விழுந்தன. பல வருட உழைப்பும் பெருந்தொகைப் பணமும் போயின. ஆனாலும் எந்த அமைச்சரும் வர்த்தமானி போட்டு எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இன்றைக்கும் ஒரே ஒரு பூங்கா.

எல்லாம் நேர்த்தி என்று சொல்ல வரவில்லை. 1950களில் மின்சாரத்துக்காகப் பூங்காவை ஊடறுத்து ஓடும் ஸ்பொல் ஆற்றை மறிக்கப் போனார்கள். பூங்காவைக் காப்போம் என்று ஒரு தரப்பு கையெழுத்துச் சேர்த்து நாடளாவிய வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது. 1958 டிசம்பரில் அந்தத் தரப்பு தோற்றது. ஆணைதான் வென்றது. அன்று வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே, சுவிஸ் பெண்களுக்குத் தேசிய மட்டத்தில் வாக்குரிமை 1971இல்தான் கிடைத்தது. எல்லையில் 130 மீற்றர் உயரத்துக்கு அணை எழுந்தது. வெள்ளம் வராததால் ஆற்றின் அடியில் வண்டல் படிந்து, மீன் முட்டையிடும் இடங்கள் கெட்டன. 2000ஆம் ஆண்டிலிருந்து அணையைத் திறந்துவிட்டுச் செயற்கை வெள்ளம் உண்டாக்கி ஆற்றைக் கழுவுகிறார்கள். பூங்காவுக்குள் ஓடும் ஆறாக இருந்தாலும், ஒருமுறை கைவைத்தால் திரும்பத் திரும்பக் கைவைக்க வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விபரங்கள்

சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பகுதியை அனுப்பி வையுங்கள்.

சூரிச்சிலிருந்து ஸெர்னெட்ஸுக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணித்தியாலம். லான்ட்குவார்ட்டில் மாறி, 1999இல் திறந்த 19 கிலோமீற்றர் நீளமான வெரைனா சுரங்கத்தினூடாகப் போக வேண்டும். ஸெர்னெட்ஸ் கடல் மட்டத்திலிருந்து 1,474 மீற்றர். பூங்காவின் பார்வையாளர் நிலையம் அங்கேதான். அங்கிருந்து மஞ்சள் தபால் பஸ் பூங்காவின் நடுவால் போகும் பாதையில் ஓடுகிறது. இலக்கமிட்ட தரிப்பிடங்களில் இறங்கி நடக்கலாம். உள்ளே மொத்தம் நூறு கிலோமீற்றர் அளவுக்கு நடைபாதை.

பனி கரைந்த பிறகு ஜூன் மாதத்திலிருந்து ஒக்டோபர் வரைதான் நடக்க ஏற்ற காலம். பூங்காவுக்குள் இரவு தங்க இரண்டே இடங்கள்: வீதியோரம் இருக்கும் இல் ஃபுவோர்ன் ஹோட்டல், நாம் சொன்ன குளுவோட்சா மரமனை. மரமனைக்கு ஸெர்னெட்ஸிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நடை. அது இருக்கும் உயரம் 1,882 மீற்றர், எமது நுவரெலியா அளவு. அடுத்த நாள் முர்டேர் கணவாயைத் தாண்டினால் 2,545 மீற்றர், எமது பிதுருதலாகலை உச்சியை விடச் சற்று உயரம். நுவரெலியாவில் படுத்து, காலையில் பிதுருதலாகலைக்கும் மேலே ஏறி, மாலையில் மறுபக்கம் இறங்குவது போன்ற கணக்கு. முழங்கால் பலம் இல்லாதவர்களுக்கு இல் ஃபுவோர்ன் பக்கத்து மார்குனெட் பாதை கொஞ்சம் இலகு.

மார்குனெட்டில் ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள். அந்தப் பக்கத்து ஸ்டாபல்ஷோட் பள்ளத்தாக்கில்தான் 1991 முதல் 2007 வரை 26 தாடிக்கழுகுக் குஞ்சுகளை விட்டார்கள். இன்று அல்ப்ஸில் அவை தாமாகவே கூடு கட்டிப் பெருகுகின்றன. ஐபெக்ஸ் ஆட்டின் மீட்சிக் கதை இன்னும் சுவையானது. இத்தாலி மன்னரின் வேட்டைக் காட்டில் மட்டும் எஞ்சியிருந்த அந்த ஆட்டை மன்னர் விற்க மறுத்தார். எனவே 1906இல் குட்டிகளைக் களவாகக் கடத்திவந்து சென் கேலன் நகரில் வளர்த்தார்கள். 1920இல் பூங்காவுக்குள்ளும் ஐபெக்ஸ் விடப்பட்டது. செம்மான்களின் கர்ஜனை கேட்க வேண்டுமென்றால் செப்டெம்பர் இறுதியில் த்ருப்ஷுன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். 2005இல் இத்தாலிப் பக்கத்திலிருந்து ஒரு கரடியும் தானாக நடந்து வந்தது, நூறு வருடத்துக்குப் பிறகு.

வழியெங்கும் மரங்கள் விழுந்தபடி கிடக்கும், வெட்டி ஒதுக்குவதில்லை. அதைப் பார்த்து பராமரிப்பு இல்லை என்று எண்ண வேண்டாம், அதுதான் அங்கே பராமரிப்பு. 1917இல் தாவரவியலாளர் பிரவுன்-பிளாங்கே குறித்து வைத்த சிறு சதுர நிலங்களில் இன்றும் செடிகளை எண்ணிப் பதிகிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாகத் தொடரும் பதிவேடு. நீங்கள் பாதையை விட்டு இறங்கி ஒரு செல்ஃபி எடுத்தால் அந்தப் பதிவேட்டில் உங்கள் சப்பாத்துக் காலும் பதிந்துவிடும்.

மடிகணினியோடு மலைக்குப் போய் அங்கிருந்தே வேலை பார்க்கும் பழக்கமும் கொரோனாவுக்குப் பிறகு கூடியிருக்கிறது. அப்படியானவர்கள் ஸெர்னெட்ஸிலோ ஸ்குவோலிலோ அறை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் சிக்னலே இருக்காது, மலைச்சரிவில் இருந்து சூம் கூட்டத்துக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். கோடையில் அல்ப்ஸில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். எனவே விடியலில் நடந்து, பின்னேரம் வேலை பாருங்கள். கடையில் கேட்கும் பேச்சு ஜேர்மன் போல இல்லையே என்று தோன்றினால், அது ரொமான்ஷ். சில பத்தாயிரம் பேர் மட்டும் பேசும், ஆனால் நாட்டின் தேசிய மொழிகளில் ஒன்றாக மதிக்கப்படும் மொழி. சிறிய மொழிக்கு மதிப்புக் கிடைக்கும் இடத்தில் சிறிய கிராமத்தின் வாக்குக்கும் மதிப்பு இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஸாரஸின் சொன்னதும் எமது நாட்டில் நடந்ததும்

பவுல் ஸாரஸின் பூங்காவோடு நிற்கவில்லை. 1910இல் கிராட்ஸ் நகரில் நடந்த சர்வதேச விலங்கியல் மாநாட்டில், உலகம் முழுவதற்கும் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்றார். 1913இல் பல நாடுகளின் பிரதிநிதிகள் அதற்காக பேர்ன் நகரில் கூடினார்கள். திமிங்கில வேட்டையை நிறுத்துங்கள் என்றார். அத்தோடு, காட்டை நம்பி வாழும் ஆதிக்குடிகளையும் அவர்களது நிலத்தையும் பாதுகாக்க வேண்டும் என்றார்.

அந்தப் பேச்சிலும் குறை உண்டு. அந்த மக்களைத் தமக்காகப் பேசும் மனிதர்களாக அவர் காணவில்லை, அழிந்துபோகும் அரிய வகைகளின் பட்டியலில்தான் சேர்த்தார். ஸெர்னெட்ஸ் விவசாயியோடு மேசையில் இருந்து குத்தகை பேசியவர்களுக்கு, நில்கல வேடரோடும் அப்படிப் பேச வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை. ஆனாலும் அவர்களை அவர்களது காட்டிலேயே விடுங்கள் என்ற ஒரு விடயத்தை அவர் சொன்னார். அடுத்த வருடம் யுத்தம் வந்தது, அந்த முயற்சி அப்படியே நின்றுபோனது.

அவர் நடந்த அதே காடுகளுக்குப் பிறகு என்ன நடந்தது?

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீருக்குள் வேடர்களின் வேட்டை நிலங்களும் தேன் எடுத்த காடுகளும் போயின. சுற்றியுள்ள காடு 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவானது. அம்பாறை மாவட்டத்தில் சோறு சாப்பிடும் நாம் எல்லோரும் அந்தத் தண்ணீரின் பயனாளிகள். வயலுக்குத் தண்ணீர் வந்த கதையை எமது பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்தத் தண்ணீருக்குக் கீழே யாருடைய நிலம் இருந்தது என்பதைச் சொல்வதில்லை.

1983 நவம்பரில், மகாவலித் திட்டத்தின் நீரேந்து பிரதேசத்தைக் காக்கவென்று மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. தம்பானைப் பகுதி வேடர்களின் கடைசி வேட்டைக் காடு அதற்குள் அடங்கியது. ஒரே இரவில் வேட்டை குற்றமானது, தேன் எடுப்பது குற்றமானது. குடும்பங்களை ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பி, வயல் செய்யுங்கள் என்றார்கள். அவர்களின் தலைவர் ஊருவரிகே திஸாஹாமி போக மறுத்துத் தம்பானையிலேயே இருந்தார். 1998இல் அங்கேயே காலமானார்.

1996இல் அவரது மகன் ஊருவரிகே வன்னியா, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதிக்குடிகளுக்கான செயற்குழுவில் தம் மக்களுக்காகப் பேசப் போனார். எங்கே? ஜெனீவாவுக்கு. ஸாரஸின் பிறந்த அதே சுவிஸ் நாட்டுக்கு. அவர் கேட்டது தம் காட்டில் வாழும் உரிமையைத்தான். ஸெர்னெட்ஸ் கிராமத்துக்கு 1909இல் கேளாமலே கிடைத்த மரியாதை அது.

இந்த இரண்டையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். ஸெர்னெட்ஸ்காரர் வீட்டில் தூங்கி மலையில் மேய்த்தவர்கள், அவர்களுக்குப் பூங்காவால் நஷ்டம் கொஞ்சம்தான். வேடருக்குக் காடுதான் வீடு. உண்மை. ஆனால் அதனால் கேட்க வேண்டிய கடமை கூடுமே தவிரக் குறையாது. கொஞ்சம் இழப்பவனிடம் கேட்டுக் கையெழுத்து வாங்கி, முழுவதையும் இழப்பவனிடம் கேளாமல் விடுவது எந்த ஊர் நீதி?

எமது நாட்டில் காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்து இல்லை. யானைக்கும் சிறுத்தைக்கும் இடம் வேண்டும், ஆற்றுக்கு நீரேந்து வேண்டும். ஆனால் காட்டைக் காப்பதற்கு ஒரே வழி மக்களை வெளியே தள்ளுவதுதான் என்பது பொய். உலகிலேயே மிக இறுக்கமான சட்டமுள்ள பூங்காக்களில் ஒன்று, கிராமத்தவரின் சம்மதத்தோடும் வாடகையோடும் நூறு வருடத்துக்கு மேல் நிற்கிறது. வர்த்தமானி வந்து வருடங்கள் கழிந்த பிறகு, தன் சேனை நிலம் காட்டுக்குள் போய்விட்டதை யாரோ சொல்லித் தெரிந்துகொண்ட மனிதர்கள் எமது கிழக்கில் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பாருங்கள். காட்டின் மீது அவர்களுக்குக் கோபம் இல்லை, கேளாமல் விட்டதில்தான் கோபம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறோம். தம்பானைக்கும் போகிறோம். அங்கே வில்லோடும் கோடரியோடும் நிற்பவரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அடுத்த முறை பஸ்ஸிலேயே ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி மாதுறு ஓயாவின் 1983ஐச் சொல்லுங்கள். பாறையிடுக்கில் பொலித்தீன் போடாதே, பாதையை விட்டு இறங்காதே என்று சொல்லும்போது, இந்தப் பாதை யாருடைய காட்டால் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தரம் பத்துப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே விளங்கும், அவர்கள் கேட்கும் கேள்விகள் எம்மையும் யோசிக்க வைக்கும்.

சுவிஸில் இருப்பவர்கள் யாராவது ஸெர்னெட்ஸ் போய் வந்திருந்தால் கீழே எழுதுங்கள். தம்பானை, பொல்லேபெத்த, நில்கல பக்கம் படிப்பித்த ஆசிரியர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். உங்களிடம் இருக்கும் விபரங்கள் எமது பாடப்புத்தகத்தில் இல்லை.